குப்பையோடு போகும் லாபம்: சிறு உற்பத்திக்கூடங்களின் சுற்றுச்சூழல் நடைமுறைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பேரோ ஐம்பது பேரோ வேலை செய்யும் உற்பத்திக்கூடத்தை நடத்துபவர்களிடம் சுற்றுச்சூழல் என்று பேச்சை எடுத்தால், முதலில் கேட்பது “இதற்கு எவ்வளவு செலவாகும்?” என்றுதான். நியாயமான கேள்வி. அதையும், அதை ஒட்டி வருகிற மற்ற கேள்விகளையும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். சுற்றுச்சூழலைக் கவனித்தால் லாபம் கூடுமா, குறையுமா?

எதைச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கழிவு உண்டாகாமல் தடுக்கிற வேலை பெரும்பாலும் லாபத்தைக் கூட்டும். உண்டான கழிவைச் சுத்தம் செய்து வெளியே அனுப்புகிற வேலை பெரும்பாலும் செலவுதான். சட்டப்படியும் மனசாட்சிப்படியும் அதைச் செய்தே ஆகவேண்டும், ஆனால் அதில் காசு மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை. ஆண்ட்ரூ கிங், மைக்கேல் லெனாக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க உற்பத்தி நிறுவனங்களின் மாசு விவரங்களையும் நிதி விவரங்களையும் சேர்த்துப் பார்த்து 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கழிவு உருவாவதையே தடுத்த நிறுவனங்களுக்கு நிதி ஆதாயம் இருந்தது. வேறு வழிகளில் மாசைக் குறைத்ததால் ஆதாயம் வந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கீழே வரும் பதில்களில் பலவும் இந்த வேறுபாட்டைச் சுற்றியே இருக்கும்.

கழிவு வீணாகவில்லையே. ஸ்கிராப்பை எடைக்குப் போட்டுக் காசாக்கிவிடுகிறோம். அப்புறம் என்ன நஷ்டம்?

ஸ்கிராப் விற்ற காசு கையில் வரும்போது வருமானம் மாதிரித் தெரியும். அது நீங்கள் முழு விலை கொடுத்து வாங்கிய பொருள் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. அதோடு அந்தப் பொருளை மெஷினில் ஏற்றியது, மின்சாரம் செலவழித்தது, ஒருவருக்குக் கூலி கொடுத்தது எல்லாம் அந்த ஸ்கிராப்புக்குள் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு. மாதத்தின் மொத்த உற்பத்திச் செலவு 100 பங்கு: மூலப்பொருள் 60, மின்சாரமும் எரிபொருளும் 8, கூலியும் மெஷின் செலவும் 32. உள்ளே போன பொருளில் எடைப்படி 20 சதவீதம் கழிவாக வெளியேறுகிறது. வழக்கமான கணக்குப் புத்தகத்தில் இந்த 100 பங்கும் நல்ல சரக்கின் தலையில்தான் ஏறும். எடையை வைத்துப் பிரித்தால் கழிவின் விலை 20 பங்கு: பொருளில் 12, மின்சாரத்தில் 1.6, கூலி மற்றும் மெஷினில் 6.4. ஸ்கிராப் விற்று வந்தது 3 பங்கு என்று வையுங்கள். மீதி 17 பங்கு கண்ணுக்குத் தெரியாமலே போய்க்கொண்டிருக்கிறது. அந்த நிறுவனத்தின் நிகர லாபமே ஐந்தாறு பங்காக இருக்கலாம்!

இப்படிக் கணக்குப் போடும் முறைக்குப் பொருள் ஓட்டச் செலவுக் கணக்கு என்று பெயர். ஜெர்மனியில் உருவாகி, ஜப்பானில் பரவி, 2011-இல் ஐஎஸ்ஓ 14051 என்ற சர்வதேசத் தரமாக வந்தது. இதற்கு மென்பொருள் வேண்டுமென்பதில்லை, ஒரு தராசும் நோட்டும் போதும்.

ஓர் எச்சரிக்கை. கழிவைச் சுத்தமாக ஒழித்துவிட்டாலும் அந்த 17 பங்கும் அப்படியே கைக்கு வந்துவிடாது. பொருள் மிச்சமாகும், அது நிஜக் காசு. ஆனால் மிச்சமான மெஷின் நேரத்தில் விற்கக்கூடிய வேறு சரக்கைச் செய்தால்தான் கூலிப் பங்கு திரும்பும். ஆர்டர் இல்லாமல் மெஷின் சும்மா நின்றால், கூலி அதே கூலிதான். ஆலோசகர்கள் காட்டும் அழகான எண்களில் இந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு ஆர்டர் பிடிக்கவே நேரம் போதவில்லை. சில்லறைச் செலவை மிச்சம் பிடிப்பதில் என்ன வந்துவிடும்?

விற்பனையில் 5 சதவீதம் நிகர லாபம் நிற்கிறது என்றால், செலவில் மிச்சமாகும் 1 பங்கு, 20 பங்கு புதிய விற்பனையின் லாபத்துக்குச் சமம். அந்த 20 பங்கு விற்பனையைப் பிடிக்க எத்தனை தொலைபேசி அழைப்பு, எத்தனை நாள் கடன், எத்தனை பேரம் என்பது உங்களுக்கே தெரியும்.

எங்கிருந்து தொடங்குவது? ஆடிட் செய்ய ஆள் வைக்க வேண்டுமா?

முதலில் மின்கட்டண ரசீதுகளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு மாதமும் எத்தனை யூனிட் ஓடியது, எத்தனை நல்ல உருப்படி வெளியே போனது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

ஒரு மாதம் 1,000 உருப்படி, 9,000 யூனிட். இன்னொரு மாதம் 1,500 உருப்படி, 11,000 யூனிட். 500 உருப்படி கூடியதற்கு 2,000 யூனிட்தான் கூடியிருக்கிறது, அதாவது உருப்படிக்கு 4 யூனிட். அப்படியானால் 1,000 உருப்படிக்கு 4,000 யூனிட்தானே ஆகியிருக்க வேண்டும்? மீதி 5,000 யூனிட், ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஓடுகிற மின்சாரம். உற்பத்தி குறைந்த மாதத்தில் கட்டணத்தில் பாதிக்கு மேல் எதையும் உற்பத்தி செய்யாமலே போயிருக்கிறது. இரண்டு மாதக் கணக்கு போதாது. பன்னிரண்டு மாதத்தையும் வரைபடத்தாளில் புள்ளி வைத்துப் பார்த்தால் நம்பகமான கோடு கிடைக்கும்.

அப்புறம், ஒரு விடுமுறை நாளில் காலையிலும் மாலையிலும் மீட்டரைப் பாருங்கள். யாரும் இல்லாத கூடத்தில் மீட்டர் எவ்வளவு நகர்ந்திருக்கிறது, எதனால் நகர்ந்தது என்று தேடுங்கள். அணைக்காத கம்ப்ரசர் (காற்றை அழுத்தித் தரும் மெஷின்), ஹீட்டர், கூலிங் பம்ப் என்று ஒவ்வொன்றாக அகப்படும். ஆலோசகர் வருவது இதற்குப் பிறகுதான். கையில் எண் இல்லாமல் அவரைக் கூப்பிட்டால், அவர் விற்க வந்த பொருளைத்தான் வாங்குவீர்கள்.

எல்லாக் கட்டுரைகளிலும் கம்ப்ரசர் பற்றியே பேசுகிறார்கள். அப்படி என்ன அதில்?

பேசக் காரணம் இருக்கிறது. ஆலையில் மிக விலை கூடிய சக்தி அழுத்தக் காற்றுதான். கம்ப்ரசருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கருவியின் முனையில் வேலையாகக் கிடைக்கும். பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. ஆனால் காற்று இலவசம் என்ற நினைப்பு எல்லோருக்கும் இருப்பதால், அது ஒழுகினால் யாரும் பதறுவதில்லை. அதே குழாயில் எண்ணெய் ஒழுகினால் ஓடிவருவார்கள்.

7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று சுமார் 3 முதல் 4 கிலோவாட் சாப்பிடும். வருடம் 6,000 மணி நேரம் ஓடும் கூடத்தில் அந்த ஒரு ஓட்டை மட்டும் 20,000 யூனிட் அளவுக்கு விழுங்கும். பராமரிப்பு இல்லாத இடங்களில் கம்ப்ரசர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை ஒழுகலிலேயே போவது சாதாரணம்.

உங்கள் கூடத்தில் எவ்வளவு என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். வேலை முடிந்தபின், காற்று பயன்படுத்தும் கருவி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு கம்ப்ரசரை மட்டும் ஓடவிடுங்கள். லோடில், அதாவது காற்றை அழுத்தும் வேலையில், எத்தனை நிமிடம் ஓடுகிறது, எத்தனை நிமிடம் ஓய்வாக இருக்கிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். 2 நிமிடம் லோடு, 6 நிமிடம் ஓய்வு என்றால், எட்டில் இரண்டு: 25 சதவீதம் ஒழுகல். பிறகு சோப்புத் தண்ணீரும் பிரஷும் எடுத்துக்கொண்டு இணைப்புகளைத் தேடிப் போகவேண்டியதுதான். ஹோஸ் கிளிப், பழைய கப்ளிங், வடிகட்டியின் வடிகால் வால்வு, பயன்படுத்தாமல் விட்ட பழைய குழாய் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் ஒழுகும்.

அழுத்தத்தையும் பாருங்கள். யாரோ ஒருவருடைய கருவி சரியாக வேலை செய்யவில்லை என்று என்றோ ஒருநாள் 8 பாருக்கு ஏற்றியிருப்பார்கள், அப்படியே நின்றிருக்கும். 1 பார் குறைத்தால் கம்ப்ரசரின் மின்சாரம் சுமார் 7 சதவீதம் குறையும். குமிழைத் திருப்புவதற்குச் செலவு கிடையாது. இன்னொன்று, உடம்பில் ஒட்டிய தூசியை ஏர் கன்னால் ஊதுவது. விரயம் ஒருபுறம் இருக்கட்டும், அது ஆபத்தானது.

பாய்லர் இருக்கிற கூடங்களில்?

இரண்டு விதிகள் போதும். பாய்லருக்குள் போகும் தண்ணீரை, வீணாகும் வெப்பத்தை வைத்து 6 டிகிரி செல்சியஸ் சூடாக்கி அனுப்பினால் எரிபொருள் சுமார் 1 சதவீதம் மிச்சம். புகைபோக்கி வழியாகப் போகும் வாயுவின் வெப்பநிலையைச் சுமார் 22 டிகிரி குறைத்தாலும் 1 சதவீதம். ஆகவே நீராவி குளிர்ந்து வரும் வெந்நீரைச் சாக்கடையில் விடாமல் தொட்டிக்குத் திருப்புங்கள். அதற்கு ஏற்கனவே காசு கொடுத்துச் சூடாக்கியாயிற்று, சுத்திகரிப்பும் செய்தாயிற்று. ஸ்டீம் டிராப்புகளை (நீராவியை விடாமல், குளிர்ந்த நீரை மட்டும் வெளியே விடும் வால்வுகளை) முறை வைத்துச் சோதியுங்கள், வெறும் குழாய்க்கு உறை போடுங்கள்.

மோட்டார்களை மாற்ற வேண்டுமா?

ஓடுகிற நல்ல மோட்டாரைப் பிடுங்கிப் போட வேண்டாம். ஆனால் எரிந்துபோன மோட்டாரை மூன்றாவது தடவை ரீவைண்டிங் கொடுக்கும் முன் யோசியுங்கள். நாள் முழுக்க ஓடும் மோட்டாரின் வாழ்நாள் செலவில் வாங்கும் விலை மிகச் சிறிய பங்குதான், மீதி எல்லாம் மின்சாரம். விசிறி, பம்ப் போன்றவற்றுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி நன்றாகப் பலன் தரும். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், ஏனென்றால் தேவைப்படும் மின்சாரம் வேகத்தின் முப்படியை ஒட்டி மாறும்: 0.8 × 0.8 × 0.8 = 0.512. எப்போதும் முழு வேகத்திலேயே ஓடவேண்டிய மோட்டாருக்கு அதே கருவியைப் போட்டால் ஒன்றும் மிச்சமாகாது, கொஞ்சம் கூடுதலாகவே செலவாகும்.

எங்களுடையது முலாம் பூசும் கூடம். தண்ணீர்தான் பிரச்சினை. அதில் என்ன செய்ய முடியும்?

இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரிய மெஷின் இல்லாமல், தொட்டிகளின் வரிசையை மாற்றியே இவ்வளவு மிச்சம் பிடிக்கிற இடம் வேறு அதிகம் இல்லை.

ரசாயனத் தொட்டியிலிருந்து பொருளைத் தூக்கும்போது அதோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கரைசலும் வருகிறது. அலசும் தொட்டியின் வேலை அதைப் போதுமான அளவு நீர்க்கச் செய்வது. மணிக்கு 1 லிட்டர் கரைசல் ஒட்டிக்கொண்டு வருகிறது, அதை 1,000 மடங்கு நீர்க்கவைக்க வேண்டும் என்று கொள்வோம். ஒரே தொட்டியில் அலசினால் மணிக்கு 1,000 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். இரண்டு தொட்டி வைத்து, பொருள் ஒரு திசையிலும் தண்ணீர் எதிர்த் திசையிலும் போகும்படி அமைத்தால், அதாவது சுத்தமான தண்ணீர் கடைசித் தொட்டியில் விழுந்து அங்கிருந்து முதல் தொட்டிக்கு வந்தால், தேவைப்படுவது 1,000-இன் வர்க்கமூலம்: மணிக்குச் சுமார் 32 லிட்டர். மூன்று தொட்டி என்றால் கனமூலம்: 10 லிட்டர்.

முதல் தடவை கேட்கும்போது நம்பமாட்டார்கள். தொட்டியில் தண்ணீர் நன்றாகக் கலக்கிறது என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு இது. நடைமுறையில் அவ்வளவு சரியாகக் கலக்காது, ஆகவே அலசிய பொருளைச் சோதித்துப் பார்த்து இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். அப்படிக் கூட்டினாலும் தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் மிச்சமாகும்.

தண்ணீருக்கு முன்னால் அந்த ஒட்டிக்கொண்டு வரும் கரைசலைக் குறைப்பது இன்னும் மலிவு. தொட்டிக்கு மேலேயே பத்து இருபது நொடி தொங்கவிட்டுச் சொட்டவிடுங்கள். குழிவான பொருளைக் கவிழ்த்து மாட்டுங்கள். இரண்டு தொட்டிகளுக்கு நடுவே சாய்வான பலகை வைத்து, சொட்டுவது பின்னால் உள்ள ரசாயனத் தொட்டிக்கே திரும்பி விழும்படி செய்யுங்கள். விலை கொடுத்து வாங்கிய நிக்கலோ குரோமியமோ அதில்தான் இருக்கிறது. சாக்கடைக்குப் போனால் அதே உலோகத்தை அகற்ற மறுபடியும் காசு கொடுத்து ரசாயனம் வாங்குவீர்கள், பிறகு வண்டலைக் கொண்டுபோகவும் காசு கொடுப்பீர்கள். ஒரே கிராமுக்கு மூன்று தடவை செலவு!

சூடான தொட்டி என்றால் ஆவியாகிக் குறையும் நீரை முதல் அலசல் தொட்டியின் தண்ணீராலேயே நிரப்பலாம். ஆனால் அழுக்கும் சேர்ந்தே திரும்பும் என்பதை மறக்க வேண்டாம். கரைசலை முறையாகச் சோதித்து வடிகட்டாமல் இதைச் செய்தால், சில வாரத்தில் முலாம் கெட்டுப்போய், மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக மறுவேலையில் விடுவீர்கள்.

பெயின்ட் அடிக்கும் இடத்திலும் இதே கதையா?

ஏறக்குறைய. பழைய வகை ஸ்பிரே கன்னில் தெளிக்கும் பெயின்ட்டில் பொருளின் மேல் ஒட்டுவது சுமார் மூன்றில் ஒரு பங்காக இருக்கலாம், மீதி காற்றில். அதிகக் கொள்ளளவு, குறைந்த அழுத்தம் என்ற வகைக் கன்னில் அது 65 சதவீதம் அளவுக்கு வரும், அடிப்பவருக்குப் பயிற்சி இருந்தால். பயிற்சி இல்லாவிட்டால் எந்தக் கன்னும் ஒன்றுதான்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் போட்டே ஆகவேண்டும் என்கிறார்கள். இதில் லாபம் எங்கே இருக்கிறது?

அதில் நேரடி லாபம் இல்லை. நிலையம் என்பது தொழில் நடத்துவதற்கான செலவு, வாடகை மாதிரி. அக்கம்பக்கத்துக் கிணறும் நிலமும் உங்கள் கழிவுநீரைச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் செலவைக் குறைக்கலாம், அதற்கு வரிசை முக்கியம். முதலில் தண்ணீரைக் குறையுங்கள், பிறகு நிலையத்தின் அளவைத் தீர்மானியுங்கள். நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்: இன்றைய ஒழுகலையும் விரயத்தையும் அப்படியே அளந்து, அதற்கு ஏற்றாற்போல் பெரிய நிலையம் கட்டி, கடன் வாங்கி, அப்புறம் தண்ணீரைக் குறைக்க முயல்கிறார்கள். அப்போது நிலையம் பாதி காலியாக ஓடும், கடன் முழுசாக ஓடும்.

போட்ட காசு எத்தனை வருடத்தில் திரும்ப வேண்டும்?

சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரு வருடம், அதிகம் போனால் இரண்டு வருடம் என்று எதிர்பார்க்கின்றன. கையிருப்பு குறைவு, நாளைக்கு ஆர்டர் இருக்குமா தெரியாது, ஆகவே அந்த எச்சரிக்கை புரிகிறது. ஆனாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்து சொல்ல வேண்டும். பத்து வருடம் உழைக்கும் கருவி இரண்டு வருடத்தில் காசைத் திருப்புகிறது என்றால், அந்த முதலீட்டின் வருடாந்தர வருவாய் வீதம் ஏறக்குறைய 49 சதவீதம். இதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, 12 சதவீதம் ஈட்டும் இன்னொரு காரியத்தில் பணம் போடுகிறவர்கள் உண்டு.

திரும்பும் காலத்தை மட்டும் பார்த்தால் கருவி எத்தனை நாள் உழைக்கும் என்பது கணக்கில் வராது. ஒரு வருடத்தில் காசைத் திருப்பி, இரண்டாம் வருடம் பழுதாகிவிடும் பொருளைவிட, மூன்று வருடத்தில் திருப்பி பதினைந்து வருடம் ஓடும் பொருள் எத்தனையோ மேல். கடன் வாங்கியே செய்வதானால் மாதத் தவணை, மாத மிச்சத்தைவிடக் குறைவாக இருக்கும்படி கடன் காலத்தை அமைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை அளக்க மீட்டர் இல்லாமல் இது நடக்காது.

இவ்வளவு லாபம் இருந்தால் எல்லோரும் ஏன் செய்யவில்லை?

பொருளாதார வல்லுநர்கள் முப்பது வருடத்துக்கு மேலாக அடித்துக்கொள்ளும் கேள்வி இது. அமெரிக்காவின் 3எம் நிறுவனம் ‘மாசைத் தடுத்தால் காசு’ என்ற பொருளில் ஒரு திட்டத்தை 1975-இலேயே தொடங்கியது. ஹார்வர்ட் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1991-இல், சரியாக வடிவமைத்த கடுமையான சட்டங்கள் நிறுவனங்களைப் புதிது புனையத் தூண்டி, கடைசியில் லாபத்தையே கூட்டலாம் என்று எழுதினார். மறுபக்கம், லாபம் தெருவில் கிடந்தால் யாராவது ஏற்கனவே எடுத்திருப்பார்களே, சட்டம் வந்து சொல்லும்வரை முதலாளி கண்ணை மூடிக்கொண்டா இருந்தார் என்று கேட்டார்கள்.

இரண்டு பக்கமும் ஓரளவு சரி. 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்து, ஓசோன் படலத்தைக் கெடுக்கும் குளோரோஃபுளூரோகார்பன் ரசாயனங்கள் ஒழிய ஆரம்பித்தபோது, மின்னணுப் பலகைகளை அதில் கழுவிக்கொண்டிருந்தவர்கள் மாற்றுத் தேடினார்கள். பலர் தண்ணீரில் கழுவும் முறைக்குப் போனார்கள். சிலர் கழுவவே தேவையில்லாத பற்றவைப்புப் பசையைப் பயன்படுத்தி, அந்தப் படியையே நீக்கிவிட்டார்கள். தடை வரும்வரை அந்தப் படி வேண்டுமா என்று கேட்க அவர்களுக்குத் தேவை வரவில்லை. எல்லாச் சட்டமும் இப்படி நல்லதாக முடியும் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது.

சிறிய ஆலைகள் பற்றி நல்ல ஆதாரம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே 1976 முதல் பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும் சிறு, நடுத்தர ஆலைகளுக்கு இலவசமாக எரிசக்தி ஆடிட் செய்துகொடுக்கும் அரசுத் திட்டம் நடக்கிறது. அதன் விவரங்களை ஆண்டர்சன், நியூவெல் என்ற இருவர் 2004-இல் அலசினார்கள். இலவசமாக வந்து, எண் போட்டுக் காட்டியும், பரிந்துரைகளில் சுமார் பாதிதான் நடைமுறைக்கு வந்தது. முடிவெடுக்கும்போது, வருடா வருடம் மிச்சமாகும் தொகையைவிட முதலில் போட வேண்டிய தொகையை ஆலைகள் 40 சதவீதம் கூடுதலாகப் பொருட்படுத்தின. முதலாளியின் நேரம், கையிருப்புப் பணம், உற்பத்தி நின்றுவிடுமோ என்ற பயம் ஆகிய மூன்றும் ஆலோசகரின் தாளில் இருப்பதில்லை. அவையும் செலவுதான்.

ஒருவேளை இது தலைகீழோ? நன்றாக ஓடும் நிறுவனம்தானே சுற்றுச்சூழலுக்குச் செலவழிக்க முடியும்?

சரியான சந்தேகம். லாபம் உள்ளவரிடம் உபரிப் பணம் இருக்கும், அவர் செய்வார். அதனால் ‘பசுமையான நிறுவனங்கள் அதிக லாபம் ஈட்டுகின்றன’ என்ற தலைப்பைப் பார்த்ததும் நம்பிவிடக் கூடாது. மூன்றாவது ஒரு வாய்ப்பும் உண்டு: நல்ல நிர்வாகம் இரண்டையும் தருகிறது. பிரிட்டன் உற்பத்தி நிறுவனங்களை வைத்து 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நிர்வாக முறைகள் நன்றாக இருந்த நிறுவனங்கள் அதே உற்பத்திக்குக் குறைந்த சக்தியைச் செலவழித்தது தெரிந்தது. என் சொந்த அபிப்பிராயமும் அதுதான். கருவிகள் இடத்தில் இருக்கிற, தரைப் பகுதி எண்ணெய் வழியாமல் இருக்கிற பட்டறையில் மின்கட்டணமும் கட்டுக்குள்தான் இருக்கும்.

ஐஎஸ்ஓ 14001 சான்றிதழ் வாங்கினால் லாபமா?

வாங்குபவர் கேட்டால் வாங்குங்கள். சுற்றுச்சூழல் நிர்வாக முறைக்காக 1996-இல் வந்த சர்வதேசத் தரம் அது. நீங்கள் எவ்வளவு மாசு வெளியிடலாம் என்று அது அளவு எதையும் வைப்பதில்லை. இலக்கு வைத்து, அளந்து, திருத்திக்கொள்ளும் முறை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. ஆகவே சான்றிதழ் தொங்கும் சுவருக்குக் கீழேயே காற்று ஒழுகிக்கொண்டிருக்கலாம். தரத்தைப் பின்பற்ற சான்றிதழ் கட்டாயமும் இல்லை. யாரும் கேட்காதபோது, சான்றிதழ் கட்டணத்துக்கு ஒவ்வொரு மெஷினின் மின்சாரத்தையும் தனியாக அளக்க நாலு துணை மீட்டர் வாங்கிப் பொருத்துவது மேல்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் கார்பன் கணக்கு கேட்கிறார். எங்களைப் போன்ற சின்ன ஆளிடமுமா?

ஆமாம், இனி கேட்பார்கள். இறக்குமதிப் பொருளைச் செய்யும்போது வெளியான கார்பனுக்குக் கட்டணம் கேட்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லை வரி முறை 2023 அக்டோபர் 1 முதல் அறிக்கை தரும் கட்டமாகத் தொடங்கியது, 2026 ஜனவரி 1 முதல் கட்டணத்தோடு கூடிய கட்டம். இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் இதில் அடங்கும். எஃகு என்றால் பெரிய ஆலைகளுக்குத்தானே என்று நினைக்க வேண்டாம், திருகும் போல்ட்டும் நட்டும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கட்டுவது இறக்குமதியாளர்தான், ஆனால் எண்ணை அவர் உங்களிடம்தான் கேட்பார். மாத வாரியாக மின்சாரம், எரிபொருள், வாங்கிய உலோகம், வெளியே போன நல்ல சரக்கு ஆகிய நான்கையும் எழுதிவைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

எங்கள் கழிவு இன்னொருவருக்கு மூலப்பொருள் ஆகாதா?

ஆகும். டென்மார்க்கின் கலுன்போர்க் நகரில் 1970-களிலிருந்து பக்கத்துப் பக்கத்து ஆலைகள் நீராவி, தண்ணீர், ஜிப்சம் போன்றவற்றைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கின்றன. அவை பெரிய ஆலைகள், தொடர்ந்து ஒரே மாதிரிக் கழிவு தருபவை. சின்னக் கூடத்தின் கழிவு அளவிலும் தரத்திலும் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் அதே பாணியில் செய்வது கடினம். உங்களால் முடிவது பிரித்து வைப்பது. அலுமினியச் சீவலில் இரும்புச் சீவல் கலந்தால் இரண்டும் மலிவுச் சரக்குதான். தனித்தனி டிரம், வேறு வேறு நிறம், அவ்வளவுதான்.

தொழிலாளர்கள் ஒத்துழைப்பார்களா?

எங்கே ஒழுகுகிறது என்று அவர்களுக்கு உங்களுக்கு முன்பே தெரியும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அல்லது சொன்னவரிடமே அந்த வேலையைக் கட்டிவிட்டிருப்பார்கள். கழிவு எடையைப் பலகையில் எழுதத் தொடங்கும்போது ஆள் பெயரை எழுதாதீர்கள். எழுதினால் அடுத்த வாரமே கழிவு குறைந்ததுபோல் தெரியும். அது வேறு ஷிஃப்ட்டின் டிரம்முக்குப் போயிருக்கும்.

வாடகைக் கட்டடத்தில் இருக்கிறோம். இதையெல்லாம் செய்வது வீணல்லவா?

கட்டடத்தோடு ஒட்டியவற்றில் யோசித்துத்தான் போட வேண்டும். கூரைக்கு நீங்கள் செலவழித்தால் பலன் உரிமையாளருக்கு. கழற்றிக்கொண்டு போகக்கூடியவற்றுக்கு அந்தக் கவலை இல்லை: கம்ப்ரசர், மோட்டார், விளக்கு, மீட்டர். ஒழுகலை அடைக்கவும் அழுத்தத்தைக் குறைக்கவும் குத்தகைப் பத்திரம் குறுக்கே வராது.

சோலார் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

போடலாம், ஆனால் ஒழுகலை அடைத்த பிறகு. 25 சதவீதம் ஒழுகும் கம்ப்ரசருக்காகச் சேர்த்து வாங்கும் ஒவ்வொரு பலகையும் ஓட்டைக்குப் போட்ட முதலீடு. கூரை சொந்தமா, எத்தனை வருடம் அங்கே இருப்பீர்கள், பகலில்தான் அதிகம் ஓட்டுகிறீர்களா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதைச் செய்யாமல் விடலாம்?

அடுத்த வருடம் மாற்றப்போகும் மெஷினுக்கு இன்று செலவழிக்காதீர்கள். வருடத்தில் நூறு மணி நேரம் மட்டும் ஓடும் மோட்டாருக்கு உயர்திறன் மோட்டார் வேண்டாம். ‘40 சதவீதம் மிச்சம்’ என்று வருகிறவரிடம், எதில் 40 சதவீதம், எந்த மீட்டரில் தெரியும், தெரியாவிட்டால் பணம் திருப்பித் தருவீர்களா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியிலேயே பலர் கிளம்பிவிடுவார்கள். சட்டம் கேட்பதையும், வேலை செய்பவர்களின் மூச்சுக்கும் தோலுக்கும் கெடுதல் செய்கிற ரசாயனங்களையும் மட்டும் இந்த வரவுசெலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றுக்குக் காசு திரும்பும் காலம் என்று ஒன்றும் கிடையாது, செய்துவிட வேண்டும்.